ஊதுகொம்புப் பையன் விமானியான கதை

முதல் உலகப் போரின் வான்வீரர்கள் என்றதும் நம் நினைவில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். உயர்குடிப் பிறப்பு, குதிரைப்படைப் பயிற்சி, கழுத்தில் பட்டுத்துணி, எதிரியை வீழ்த்திவிட்டு அவனுக்கு வணக்கம் செலுத்தும் கனவான் தன்மை. சிவப்பு மூவிறகு விமானத்தில் பறந்த ஜெர்மானியப் பிரபு ரிக்தோஃபன் இந்தச் சித்திரத்துக்கு அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறார். பதுங்குகுழிகளின் சேற்றிலும் எலிகளிலும் சலித்துப்போயிருந்த அன்றைய ஐரோப்பாவுக்கு ஆகாயத்தில் சில பழைய காலத்து மாவீரர்கள் தேவைப்பட்டார்கள். பத்திரிகைகள் அவர்களைச் செய்து கொடுத்தன.

இந்த வரிசையில் நெடுநாள் சற்றே ஒட்டாமல் நின்றவர் ஜேம்ஸ் மெக்கடன். போர் முடிவதற்கு நான்கு மாதங்கள் முன்பு இறந்தபோது அவருக்கு வயது 23. மேஜர் பதவி, 57 விமானங்களை வீழ்த்திய கணக்கு, விக்டோரியா கிராஸ் உள்ளிட்ட ஒரு மார்பு நிறையப் பதக்கங்கள். அவர் இராணுவத்தில் சேர்ந்தது 1910இல், பதினைந்து வயதில், ஊதுகொம்பு ஊதும் பையனாக. அந்தப் பையனுக்கும் அந்த மேஜருக்கும் இடையிலான எட்டு ஆண்டுகளைப் பற்றியே நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

மெக்கடன் 1895 மார்ச் 28 அன்று இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் ஜில்லிங்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அயர்லாந்துக்காரர், ராயல் எஞ்சினியர்ஸ் படையில் சார்ஜென்ட் மேஜர். அதாவது சிப்பாய் வரிசையில் ஒருவர் எட்டக்கூடிய உச்சியை எட்டியவர். அதற்கு மேல் இருந்தது வேறு ஏணி. அன்றைய பிரிட்டிஷ் இராணுவத்தில் அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒரே படையின் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று சொல்வதைவிட, ஒரே சீருடைக்குள் வாழ்ந்த இரண்டு சாதிகள் என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். 1871 வரை அதிகாரப் பதவியைப் பெரும்பாலும் பணம் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. அந்த முறையை ஒழித்த பின்பும் நடைமுறை அதிகம் மாறிவிடவில்லை. அதிகாரிப் பயிற்சிக் கல்லூரிக்குக் கட்டணம் உண்டு. அதிகாரிகளின் உணவுக்கூடமான மெஸ்ஸின் செலவுக்கு அரசு தரும் சம்பளம் போதாது; வீட்டிலிருந்து பணம் வரவேண்டும். சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவர்கள் சிலர் இருந்தார்கள் என்றாலும் அவர்களின் பேச்சுத் தொனியையும் கத்தி பிடிக்கும் விதத்தையும் மெஸ்ஸில் மற்றவர்கள் கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

குடும்பம் பின்னர் ஷெப்பித் தீவிலுள்ள ஷீர்னஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பிரிட்டிஷ் விமானக் கலையின் தொட்டில் என்று அந்தத் தீவைச் சொல்லலாம். ஷார்ட் சகோதரர்கள் அங்கேதான் விமானம் கட்டினார்கள்; வசதி படைத்த இளைஞர்கள் அங்கேதான் பறந்து பழகினார்கள். சார்ஜென்ட் மேஜரின் பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூத்தவர் வில்லியம் ராயல் ஃப்ளையிங் கோர் என்ற புதிய வான்படையில் சேர்ந்து அதன் ஆரம்பகால சார்ஜென்ட் விமானிகளில் ஒருவரானார். இளையவர் ஜேம்ஸ் தந்தையின் படையிலேயே ஊதுகொம்புடன் சேர்ந்து, சில காலம் ஜிப்ரால்டரில் கழித்துவிட்டு, 1913 ஏப்ரலில் அண்ணனைப் பின்பற்றி வான்படைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பதவி: இரண்டாம் நிலை விமான மெக்கானிக்.

தொடக்கம் மங்களகரமாக இல்லை. சேர்ந்த சில நாட்களிலேயே, நின்றிருந்த ஒரு காட்ரோன் விமானத்தின் விசிறியை அவர் சுழற்ற, எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆளில்லாத விமானம் தானாகவே ஓடி இன்னொரு விமானத்தையும் கூடவே மேலதிகாரியின் காரையும் சிதைத்துவிட்டது. காவல் தண்டனையும் சம்பளப் பிடித்தமும் கிடைத்தன. பிற்காலத்தில் விமானத்தின் ஒவ்வொரு திருகையும் தானே சரிபார்க்காமல் தரையை விட்டுக் கிளம்பாதவர் என்று பெயரெடுத்த மனிதரின் முதல் பாடம் இது.

அந்தக் காலத்து விமான எஞ்சின்களைப் பற்றி ஒரு சொல். நோம் என்ற பிரெஞ்சு எஞ்சினில் அச்சு நிலையாக நிற்கும். அதைச் சுற்றிச் சிலிண்டர்கள் அனைத்தும், அவற்றோடு சேர்ந்து விசிறியும், சுழலும். உராய்வைத் தணிக்க ஆமணக்கெண்ணெய். ஊற்றிய எண்ணெய் எரிந்தும் எரியாமலும் புகையாக விமானி முகத்திலேயே அடிக்கும். (ஆமணக்கெண்ணெயின் மருத்துவ குணத்தை நம் பாட்டிமார் வீட்டில் சனிக்கிழமைகளில் அனுபவித்தவர்களுக்கு, அந்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை.) சில பத்து மணி நேரம் ஓடியதும் எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்ட வேண்டும். பூட்டியவனின் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பவன் மேலே பறப்பவன். மெக்கானிக்கும் விமானியும் ஒருவரையொருவர் நம்பியே தீரவேண்டும். ஆயினும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண முடியாது.

மெக்கடன் இந்த வேலையில் தேர்ந்தார். சத்தத்தைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் காது அவருக்கு வாய்த்தது. 1914 ஆகஸ்டில் மூன்றாம் ஸ்குவாட்ரனுடன் பிரான்சுக்குப் போனார்; அவ்வாண்டு நவம்பரில் கார்ப்பரல், 1915 ஏப்ரலில் சார்ஜென்ட். இடையிடையே பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து, கையில் துப்பாக்கியோடு எதிரி எல்லைக்கு மேலே பறந்தும் வந்தார். அப்போது விமானங்களில் பொருத்தப்பட்ட இயந்திரத் துப்பாக்கி அரிது.

1915இல் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். காரணம் திறமைக் குறைவு அன்று, திறமை மிகுதி. இவ்வளவு நல்ல எஞ்சின் ஆளை இழக்க ஸ்குவாட்ரன் தயாராக இல்லை. அடிமட்டத்தில் இருப்பவன் தன் வேலையை நன்றாகச் செய்வதே அவன் மேலே போவதற்குத் தடையாகும் இந்த விசித்திரம் அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்குப் புதிதல்ல. அதே ஆண்டு மே மாதம் அண்ணன் வில்லியம் இங்கிலாந்தில் விமான விபத்தில் இறந்திருந்தார். அதற்குப் பிறகும் தம்பி விண்ணப்பித்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பார்வையாளராக அவர் காட்டிய துணிவுக்காக 1916 ஜனவரியில் பிரெஞ்சு அரசின் குருவா த கேர் பதக்கம் கிடைத்தது. அணிவித்தவர் தளபதி ஜோஃப்ர். அதன் பிறகே கதவு திறந்தது. ஃப்ளைட் சார்ஜென்டாக உயர்த்தப்பட்டு, பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஏப்ரலில் விமானிச் சான்றிதழ் பெற்றார். விரைவிலேயே பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கி, போர்முனைக்குத் திரும்பும் முன் கணிசமான பறக்கும் நேரத்தைச் சேர்த்துக்கொண்டார். மிகச் சொற்ப நேரப் பயிற்சியோடு போர்முனைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகள் அநேகர் முதல் சில வாரங்களைத் தாண்டாத காலம் அது. நல்ல குடும்பத்துப் பையன்களுக்குக் கிடைக்காத ஒன்று, தாமதத்தின் மூலமாகவே, சார்ஜென்டுக்குக் கிடைத்தது.

1916 செப்டம்பர் 6 அன்று, 29ஆம் ஸ்குவாட்ரனில், முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். அப்போதும் அவர் சார்ஜென்ட் வரிசைதான். அதிகாரி விமானிகள் பறந்த அதே விமானம், அதே குண்டுகள், அதே மரணம். இறங்கியதும் அவர்கள் ஒரு மெஸ்ஸுக்குப் போக, இவர் இன்னொரு மெஸ்ஸுக்குப் போவார். பதக்கத்திலும் பேதம் உண்டு. அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ்; சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல். மெக்கடனிடம் இரண்டுமே உண்டு. 1916இல் மெடல், 1917 பிப்ரவரியில் கிராஸ். நடுவே 1917 ஜனவரி 1 அன்று அரசரின் ஆணை அவரை இரண்டாம் லெஃப்டினன்ட் ஆக்கியது. ஒரு மனிதனின் வீரம் எந்தத் தேதிக்குப் பின் வேறு உலோகத்தால் ஆனதாகிறது என்பதை அந்த இரண்டு பதக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

போரில் அதிகாரிகள் கொத்துக் கொத்தாக இறந்ததால் கீழிருந்து பலரை உயர்த்த வேண்டியதாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘தற்காலிகக் கனவான்கள்’. போர் முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

1917 ஆகஸ்டில் 56ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஃப்ளைட் தலைவராக, கேப்டன் பதவியோடு மெக்கடன் வந்துசேர்ந்தார். பிரிட்டிஷ் வான்படையின் பொறுக்கியெடுத்த பிரிவுகளில் ஒன்று அது. அதன் தலைவர் ப்ளூம்ஃபீல்ட் தேர்ந்த இசைக்கலைஞர்களைத் தேடிப் பிடித்துச் சிப்பாய்களாகச் சேர்த்துக்கொண்டு, இரவுணவின்போது வாசிக்க ஓர் இசைக்குழுவே வைத்திருந்தார். அந்தப் பிரிவில் ஆர்தர் ரைஸ் டேவிட்ஸ் என்ற இளைஞர் இருந்தார். ஈட்டன் பள்ளியின் பரிசு மாணவர். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் காத்திருந்தது. இந்தப் பெயர் நம் வாசகர்கள் சிலருக்கு வேறிடத்தில் அறிமுகமாகியிருக்கும். இலங்கையில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்து பாலி மொழி கற்று, பின்னர் பாலி நூற் கழகத்தை நிறுவிய டி. டபிள்யூ. ரைஸ் டேவிட்ஸின் மகன் அவர். கொல்லாமையைப் போதித்த நூல்களைப் பதிப்பித்தவரின் பிள்ளை இருபது வயதில் வான்போரில் இருபத்தைந்து விமானங்களை வீழ்த்தி மாண்டார் என்பதில் இருக்கும் துயரத்தைத் தனியாக எழுத வேண்டும்.

1917 செப்டம்பர் 23 அன்று மாலை, மெக்கடனும் ரைஸ் டேவிட்ஸும் உள்ளிட்ட 56ஆம் பிரிவினரை வெர்னர் வோஸ் என்ற ஜெர்மானியர் தம் மூவிறகு விமானத்தில் கிட்டத்தட்டத் தனியாளாக எதிர்கொண்டார். சுமார் பத்து நிமிடம் நீடித்த அந்தச் சண்டையில் வோஸ் தம்மைத் தாக்கிய விமானங்கள் பலவற்றையும் துளைத்துவிட்டு, இறுதியில் ரைஸ் டேவிட்ஸின் குண்டுகளுக்கு வீழ்ந்தார். மெக்கடன் தம் நூலில் அந்த எதிரியைத் தாம் கண்ட ஜெர்மானிய விமானிகளில் மிகத் துணிந்தவர் என்று மனம்விட்டுப் பாராட்டுகிறார். ஆனால் மெக்கடன் ஒருபோதும் வோஸைப் போலச் சண்டையிட்டவர் அல்லர் என்பது நமக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் முறை வேறு. போர்முனைக்கு மேலே மிக உயரத்தில் ஜெர்மானிய இருவர் விமானங்கள் வந்து புகைப்படம் எடுத்துச் செல்லும். ரும்ப்லர் ரகம் ஏறும் உயரத்துக்குப் பிரிட்டிஷ் விமானங்களால் எட்டிப்பிடிக்க முடியாது. அந்தப் புகைப்படங்களை வைத்தே பீரங்கிகள் குறி வைக்கும். ஆகவே ஒரு புகைப்பட விமானம் திரும்பிப் போவது கீழே பதுங்குகுழியில் இருக்கும் பலரது சாவு. தம் எஸ்.ஈ.5ஏ விமானத்தை அந்த உயரத்துக்கு ஏற்றுவது எப்படி என்று மெக்கடன் யோசித்தார். யோசித்தது விமானி, விடை சொன்னது மெக்கானிக்.

உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, சிலிண்டருக்குள் நுழையும் கலவை குறைகிறது, எஞ்சின் சோர்கிறது. உள்ளே வந்த கொஞ்சக் கலவையை இன்னும் இறுக்கமாக அமுக்கினால் இழந்த வலுவில் ஒரு பகுதியை மீட்கலாம். அதற்காக உயர் அழுத்தப் பிஸ்டன்களைத் தம் எஞ்சினில் பொருத்தினார். தரையருகே இப்படிப்பட்ட எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால் அது தன்னைத் தானே நொறுக்கிக்கொள்ளும். எப்போது எவ்வளவு திறக்கலாம் என்பது ஓட்டுபவனின் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேவையற்ற எடையைக் கழித்தார். காற்றை இழுத்துப் பிடிக்கும் உறுப்புகளைக் குறைத்தார். தாம் வீழ்த்திய ஒரு எல்.வி.ஜி. விமானத்தின் விசிறி மூக்குக் கவசத்தைக் கழற்றி வந்து தம் விமானத்தின் மூக்கில் மாட்டிக்கொண்டார். துப்பாக்கிகளையும் தாமே கழற்றி, தாமே குறி நேராக்கினார். மற்ற அதிகாரிகள் இளைப்பாறும் நேரத்தில் கேப்டன் கொட்டகையில் கையில் கிரீஸோடு நின்றிருப்பது அந்தப் பிரிவில் வழக்கமான காட்சியாயிற்று. ஏணியில் ஏறிய பலர் ஏறி வந்த படியை மறைக்கவே பாடுபடுவார்கள். இவர் அந்தப் படியின் மீதே நின்று மேலே எட்டினார்.

இப்படிச் சீர்திருத்திய விமானத்தில் 20,000 அடிக்கு மேலும் அவர் சென்றார். திறந்த இருக்கை, பிராணவாயுக் கருவி இல்லை, எலும்பைத் துளைக்கும் குளிர், இறங்கும்போது தலை வெடிக்கும் வலி. அங்கே காத்திருந்து, இரையின் வாலுக்குக் கீழே பின்னாலுள்ள குருட்டு மூலைக்குள் நுழைந்து, மிக அருகில் போய் ஒரு சில வினாடிகள் சுடுவார். சூழல் சாதகமாக இல்லையென்றால் சுடாமலேயே திரும்பிவிடுவார். வீரக் கதைகளில் இதற்கு இடம் இல்லை. 1917 டிசம்பர் 23 அன்று ஒரே நாளில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். விக்டோரியா கிராஸ் அறிவிப்பு, எழுபத்தெட்டு ரோந்துகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அவரே தலைமையேற்று நடத்தியதாகச் சொல்கிறது. விழுந்த எதிரி விமானங்களில் 19 பிரிட்டிஷ் எல்லைக்குள்ளேயே விழுந்தன. அவற்றில் பலவற்றை அவரே போய்ப் பார்த்தார். பார்க்கப் போன ஆவல் பாதி மெக்கானிக்கினுடையது. மீதிப் பாதியில், இறந்துகிடந்த ஆட்களைக் கண்டதும் எழுந்த சங்கடமும் உண்டு என்பதை அவர் நூல் ஒளிக்கவில்லை.

இதே 56ஆம் பிரிவுக்கு 1917 அக்டோபர் இறுதியில் ஒரு கல்கத்தா இளைஞர் வந்துசேர்ந்தார்: இந்திரலால் ராய். பாரிஸ்டரின் மகன், லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளி மாணவர். கண்பார்வையைக் காட்டி முதலில் நிராகரிக்கப்பட்டு, மோட்டார் சைக்கிளை விற்ற பணத்தில் வேறொரு மருத்துவரிடம் சான்று வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. பதினெட்டு வயதில், பள்ளியிலிருந்து நேராக, அதிகாரியானார். அதே காலத்தில் மெக்கடனின் தாய்ப்படையான ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரிகளின் கீழ் இயங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்த நம் ஊர்க்காரர் ஒருவர், முடி நரைக்கும் வரை உழைத்தாலும் சுபேதார் மேஜரைத் தாண்ட முடியாது. நேற்று வந்த வெள்ளைக்கார இரண்டாம் லெஃப்டினன்டுக்கு அவர் கீழ்ப்பட்டவரே. நிறம் ஒரு சுவர், குலமும் பள்ளியும் இன்னொரு சுவர். ராய்க்கு இரண்டாவது சுவர் இல்லை. மெக்கடனுக்கு முதலாவது இல்லை. மெட்ராஸ் சாப்பருக்கு இரண்டும் உண்டு. ராய் பின்னர் 40ஆம் பிரிவில் இரண்டு வாரங்களுக்குள் பத்து விமானங்களை வீழ்த்தி, 1918 ஜூலை 22 அன்று, பத்தொன்பது வயதில், மாண்டார்.

1918 கோடையில் 85ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவராக மெக்கடன் பெயர் முன்மொழியப்பட்டபோது அங்கிருந்த விமானிகள் வேண்டாம் என்றார்கள். அவர் கீழிருந்து வந்தவர் என்பதே காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. அவர்கள் விரும்பிப் பெற்ற மிக் மேனக் என்பவரும் ஒரு கார்ப்பரலின் மகன், தந்தையின் படையோடு சிறுவயதில் இந்தியாவில் வளர்ந்தவர், மருத்துவப் படையில் சாதாரண ஆளாகத் தொடங்கியவர், போதாக்குறைக்குச் சோஷலிஸ்ட். மேனக் தம் ஆட்களோடு கூடிப் பறந்து, இளையவர்களுக்கு வெற்றியைப் பங்கிட்டுக் கொடுப்பவர். மெக்கடன் தனியே வேட்டையாடுபவர் என்று பெயர். தனிமை அவர் இயல்பா, அல்லது இரண்டு மெஸ்களிலும் முழுக்க இடமில்லாத ஒருவர் பழகிக்கொண்டதா என்பதை இன்று பிரித்தறிவது கடினம்.

1918 ஜனவரியில் பத்திரிகைகள் அவர் பெயரை வெளியிட்டுப் புகழத் தொடங்கின. மார்ச்சில் அவரைப் போர்முனையிலிருந்து திருப்பியழைத்துப் பயிற்சியளிக்கும் பணியில் வைத்தார்கள். அதே மார்ச் 18 அன்று, சிப்பாயாகச் சேர்ந்து அதே வழியில் விமானியான தம்பி ஜான் வான்போரில் கொல்லப்பட்டார். ஏப்ரலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கையால் விக்டோரியா கிராஸ் பெற்றார். அந்த மாதங்களில்தான் தம் நினைவுகளை எழுதினார். வான்படையில் ஐந்தாண்டுகள் என்பதே தலைப்பு. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒருவர் எழுதிய அந்த நூலில் அலங்காரம் கிடையாது. எஞ்சின் பராமரிப்புக் குறிப்பேட்டின் நடை. எந்தத் தேதி, என்ன உயரம், எந்தத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, யார் திரும்பவில்லை. இலக்கியம் செய்யப் புறப்பட்ட பல போர் நூல்கள் இன்று வாசிக்க முடியாதபடி ஆகிவிட்டன. இது இன்னும் வாசிக்க முடிகிறது.

ஜூலை 9 அன்று, மேஜராக உயர்ந்து, 60ஆம் ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்க இங்கிலாந்திலிருந்து புது விமானத்தில் தனியே புறப்பட்டார். வழி கேட்பதற்காக பிரான்சில் ஓக்ஸி லெ ஷாத்தோ விமானத்தளத்தில் இறங்கினார். மீண்டும் கிளம்பியதும் எஞ்சின் தடுமாறியது என்று சாட்சிகள் சிலர் சொன்னார்கள். விமானம் ஓரத்துக் காட்டுக்குள் விழுந்தது. அன்றிரவே நினைவு திரும்பாமல் இறந்தார். திரும்பி இறங்க முயன்றாரா, வேறேதும் செய்தாரா என்பதில் சாட்சியங்கள் ஒத்துப்போகவில்லை. அவர் கையால் பிரித்துப் பூட்டாத எஞ்சின் அது.

போருக்குப் பின், 1920இல், வான்படைத் தலைவர் ட்ரென்சர்ட் சிறுவர்களுக்கான தொழிற்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். தேர்ந்த சிலரை அங்கிருந்து அதிகாரிக் கல்லூரிக்கு அனுப்பும் வழியும் அதில் இருந்தது. மெக்கடன் சுவரேறிக் குதித்த இடத்தில் ஒரு சிறு வாசல் வைத்தார்கள் எனலாம். உயரம் போதாது என்று முதலில் திருப்பியனுப்பப்பட்டு, மறுபடி முயன்று 1923இல் இத்திட்டத்தில் சேர்ந்த ஒரு சிறுவன் 1926இல் அந்த வாசல் வழியே போய் அதிகாரியும் விமானியுமானான். பெயர் ஃப்ராங்க் விட்டில். மெலிந்த காற்றில் எஞ்சின் சோர்வது ஏன் என்ற அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஜெட் எஞ்சினுக்கு 1930இல் காப்புரிமை கோரினார்.

மெக்கடனின் கல்லறை பிரான்சில் வாவான் என்ற கிராமத்துச் சிறிய இடுகாட்டில் இருக்கிறது. பதக்கங்கள் அவர் பிறந்த ஜில்லிங்ஹாமிலேயே, அவர் ஊதுகொம்போடு சேர்ந்த ராயல் எஞ்சினியர்ஸ் படையின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. கிராஸும் மெடலும் அங்கே ஒரே வரிசையில் இருக்கின்றன.